சித்திரக்காரர் ஜோசப் பென்னெல்

பெரியோரின் சரிதங்களைக் கற்பவர் அவர்கள் அடைந்த வெற்றிகளை மட்டும் கண்டு வியத்தல் போதாது. அவர்கள் தாம் பேணிய கொள்கைக்கும் தாம் செய்த செயலுக்கும் இடையே திகைத்து நின்ற இடத்தையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நமக்குரிய பாடம் பெரும்பாலும் அவ்விடத்திலேதான் கிடைக்கும். அமெரிக்க நாட்டுச் சித்திரக்காரராகிய ஜோசப் பென்னெலின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் பேராலயங்களையும், கிரேக்க நாட்டுக் கோயில்களையும், பழைய வீதிகளையும், பாலங்களையும் காதலுடன் வரைந்தவர். ஆயினும், இன்று அவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவில் எழுவது அவற்றுள் ஒன்றுமன்று. புகழ்பெற்ற ஒரு சிலையின் தலையை வீழ்த்தி, ஒரு மாநகரத்தைத் தீக்கிரையாக்கி, அவர் 1918-இல் எழுதிய ஒரு யுத்த விளம்பரப் படமே அது. கட்டிடங்களைக் காத்துப் போற்றிய கை, அவற்றின் அழிவை எழுதித் தேசத்தாரை அச்சுறுத்த நேர்ந்தது எங்ஙனம் என்பதே இச்சரிதத்தின் உட்பொருளாகும்.

இளமை

பென்னெல் 1857-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். அது அமெரிக்கர் தம் சுதந்திரத் திருநாளாகக் கொண்டாடும் தினம். பிற்காலத்தில் அவர் தம்முடைய வயதில் சில ஆண்டுகளைக் குறைத்துக் கூறுவதுண்டு. பெற்றோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர்கள். அச்சபையார் எளிய உடையையும் எளிய மொழியையும் மேற்கொண்டவர்கள். தம் தொழுகை மனையில் சித்திரமோ சிற்பமோ வையாமல் மௌனமாக அமர்ந்து வழிபடுபவர்கள். எக்காரணம் பற்றியும் படைக்கலம் எடுத்தலாகாது என்பதைத் தலையாய கொள்கையாகக் கொண்டவர்கள். சித்திரமில்லாத சுவர்களின் நடுவே வளர்ந்த சிறுவன் சித்திரமே வாழ்வெனக் கொண்டது ஒரு வியப்பு. யுத்தத்தை வெறுக்கும் குடியிற் பிறந்தவர் யுத்தத்திற்காகப் பணம் திரட்டும் படத்தை எழுதியது மற்றொரு வியப்பு.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் நிலக்கரிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பகலெல்லாம் கணக்கெழுதி, இரவில் சித்திர வகுப்புக்குச் செல்வார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, கீறிய கோடுகளை அமிலம் அரிக்கச் செய்து, அவற்றில் மையேற்றிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் நுட்பமான சித்திரத் தொழிலில் அவர் மனம் முற்றும் ஈடுபட்டது. 1881-இல் நியூயார்க்கின் பெயர்பெற்ற மாதப் பத்திரிகை ஒன்று அவர் சித்திரங்களை ஏற்று வெளியிட்டது. அன்று முதல் அவர் குமாஸ்தா வேலையை நாடவில்லை.

தம் ஊராகிய பிலடெல்பியாவைப் பற்றிய ஒரு கட்டுரைக்குப் படம் எழுதியபோது, அக்கட்டுரையை எழுதிய எலிஸபெத் ராபின்ஸ் என்னும் கல்விமிக்க பெண்மணியோடு பழக்கம் ஏற்பட்டது. 1884-இல் இருவரும் மணந்துகொண்டனர். அம்மையார் எழுத, அவர் வரைய, இருவர் பெயரும் தாங்கிய நூல்கள் பல வெளிவந்தன. மணமான அவ்வாண்டிலேயே அவர்கள் இருவர் ஏறும் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் இலண்டனிலிருந்து காண்டர்பரிக்கும், பின்னர் இத்தாலியில் பிளாரென்ஸிலிருந்து ரோமாபுரிக்கும் சென்றனர்.

இலண்டன் வாசம்

பென்னெல் தம்பதிகள் இலண்டனைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டு முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். அவர்கள் இல்லத்தில் எழுத்தாளரும் ஓவியரும் கூடி இரவு நெடுநேரம் வாதம் புரிவதுண்டு. பெர்னார்டு ஷாவும் ஆப்ரி பியர்ட்ஸ்லியும் அவர்களுடைய நண்பர்கள். பியர்ட்ஸ்லி பெயரறியப்படாத இளைஞராக இருந்த காலத்தில், 1893-இல், அவர் திறமையை உலகத்திற்கு முதலில் எடுத்துரைத்த கட்டுரை பென்னெல் எழுதியதே. இவை யாவற்றினும் மேலாக, ஜேம்ஸ் விஸ்லர் என்னும் பேரோவியரைத் தம் குருவாகக் கொண்டு, அவர் மறைந்த பின் 1908-இல் தம் மனைவியாருடன் சேர்ந்து அவர் சரிதத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

அவர் நாவும் பேனாவும் கூர்மையானவை. பிறர் குறையைப் பொறுக்கமாட்டார். தம் குறையைப் பிறர் கூறவும் பொறுக்கமாட்டார். கல்லச்சுக்குரிய சித்திரத்தைக் காகிதத்தில் எழுதிக் கல்லுக்கு மாற்றுவது உண்மையான கல்லச்சுக் கலையாகாது என்று வால்டர் ஸிக்கர்ட் என்னும் ஓவியர் 1896-இல் ஒரு பத்திரிகையில் எழுத, பென்னெல் அதனைத் தம் நாணயத்தின் மீது சுமத்திய பழியாகக் கொண்டு வழக்குத் தொடுத்து, மறு ஆண்டில் 50 பவுன் நஷ்டஈடு பெற்றார்.

இவ்விடத்தில் அவர் பெயருக்கு மாசாக நிற்கும் ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் கடமையாகும். 1892-இல் கிழக்கு ஐரோப்பாவில் ஏழ்மையில் உழன்ற யூத மக்களைக் குறித்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். அது அம்மக்களை இகழ்ச்சியோடு நோக்கும் நூல். பாழடைந்த சுவரில் அழகு காணும் கண்ணுக்கு, அச்சுவரின் கீழ் வாழ்ந்த துன்புற்ற மனிதரிடத்தில் அன்பு தோன்றவில்லை. கல்லை நேசித்த அளவுக்கு அவர் மக்களை நேசிக்கக் கற்றிலர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பேராலயங்களும் பெருந்தொழில்களும்

கட்டிடங்களைப் பொறுத்தவரை அவர் உழைப்பு அளவிடற்கரியது. இங்கிலாந்தின் பேராலயங்களைப் பற்றி 1892-இல் வெளிவந்த ஒரு நூலுக்காக ஊர்தோறும் தங்கி அவற்றை வரைந்தார். பாரிஸ் நகரத்து நோத்ர தாம் ஆலயத்தின் மேன்மாடத்தில் அமர்ந்து, அங்கே நகரை நோக்கிக் குனிந்திருக்கும் கற்பூதங்களைச் செப்புத் தகட்டில் தீட்டினார். பிரான்சின் பேராலயங்களையும் மடங்களையும் பற்றிய நூல் ஒன்று 1909-இல் வெளிவந்தது. எழுத்து அம்மையாருடையது, சித்திரம் அவருடையது. அவர் தகட்டைக் கையில் ஏந்தி வீதியிலேயே நின்று நேராக வரைவது வழக்கம். ஆகையால் அச்சிட்டெடுத்தபோது பல காட்சிகள் கண்ணாடியிற் கண்டாற்போல் இடவலமாக மாறிக் காணப்படும். அதனை அவர் பொருட்படுத்தவில்லை. கண்டபொழுதே பதித்த கோட்டின் உயிர்த் துடிப்பே பெரிதென்று கருதினார்.

பழமையை மட்டுமே அவர் போற்றினார் என்று கொள்ளுதல் தவறு. நியூயார்க்கின் வானளாவிய மாளிகைகளும், இரும்பாலைகளும், சுரங்கங்களும் அவருக்குப் பேராலயங்களாகவே தோன்றின. 1912-இல் பனாமாக் கால்வாயில் நீர் விடப்படுவதற்கு முன்னர் அங்கே சென்று, மலைபோல் எழுந்து நின்ற மதகுச் சுவர்களையும் பாரந்தூக்கிகளையும் கல்லச்சுச் சித்திரங்களாக்கினார். மறு ஆண்டில் கிரேக்க நாட்டுக்குச் சென்று பழங்கோயில்களின் தூண்களை வரைந்தார். மனிதன் கூடிச்செய்யும் பெருஞ்செயல் எக்காலத்தினதாயினும் அழகுடையதே என்பது அவர் கொள்கை. வாழ்நாள் முழுவதிலும் அவர் ஆக்கிய செப்புத்தகட்டுச் சித்திரங்கள் 900-க்கு மேற்பட்டன. கல்லச்சுச் சித்திரங்கள் 600-க்கு மேற்பட்டன. இத்தகைய ஒருவர் தம் 57-ஆம் வயதில் இருந்தபோது ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது.

யுத்தமும் கற்களும்

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி இரவு, பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரில் ஜெர்மானியப் படையினர் தீ வைத்தனர். அந்நகரத்துச் சர்வகலாசாலை 1425-இல் நிறுவப்பெற்றது. அதன் புஸ்தகசாலையிலிருந்த ஏறக்குறைய 3 லட்சம் நூல்கள், ஏட்டுப் பிரதிகள் உட்பட, சாம்பலாயின. ஊராரில் 248 பேர் மாண்டனர். அடுத்த மாதம் 19-ஆம் தேதி, பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய ரெய்ம்ஸ் நகரத்துப் பேராலயத்தின்மேல் ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. பழுது பார்ப்பதற்காகக் கோபுரத்தைச் சுற்றி அமைத்திருந்த மரச் சாரம் தீப்பற்றியது. கூரையிலிருந்த ஈயம் உருகி ஓடிற்று. வாயிலருகே பல நூற்றாண்டுகளாகப் புன்னகையோடு நின்ற தேவதூதன் சிலையின் தலை, எரிந்து வீழ்ந்த உத்திரம் தாக்கி அற்று விழுந்து சிதறியது. நவம்பர் மாதத்தில் ஈப்ரு நகரத்துப் பழமையான துணி மண்டபமும் குண்டுகளுக்கு இரையாயிற்று.

இவ்வழிவுகள் உண்மையில் நிகழ்ந்தவை, எவரும் கற்பித்தவையல்ல. ஜெர்மனியின் அறிஞர்களும் கலைஞர்களும் 93 பேர் அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கையொன்று விடுத்துத் தம் படையினர்மேல் குற்றமில்லை என்று மறுத்தும், உலகம் அதனை ஏற்கவில்லை. ஆனால், உண்மையாகிய இத்துன்பங்களே விரைவில் பிரசாரத்தின் மூலப்பொருளாக மாறின. தலையற்ற தேவதூதனின் படம் நாடுதோறும் சென்றது. எரியும் ஊரைப் பின்னணியாக வைத்து, ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் ஒரு சிறுமியைக் கைப்பற்றி இழுத்துச் செல்வதாக ஒரு சுவர்ப்படம் அமெரிக்காவில் எழுந்தது. பகைவனை மனிதனாகவே காட்டாமல், கையில் தடியேந்திக் கடல் தாண்டி வந்து கரையேறும் வாலில்லாக் குரங்காகக் காட்டி, அதன் பின்னே இடிந்து நிற்கும் ஐரோப்பிய நகரத்தை எழுதியது மற்றொரு படம். இடிந்த கட்டிடம் முதலில் துயரத்தின் சாட்சியாக இருந்தது. பின்னர்ச் சினத்தை மூட்டும் விறகாயிற்று.

இப்படங்களை லட்சக்கணக்கில் பெருக்கியது கல்லச்சுக் கலையே. பசையுள்ள மையும் நீரும் ஒன்றோடொன்று கலவாமையே அக்கலையின் இரகசியம். வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த குச்சியால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மையுருளையை ஓட்டினால், வரைந்த இடம் மையைப் பற்றும். நனைந்த இடம் மையைத் தள்ளும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கண்டுபிடித்த ஸெனபெல்டர் ஜெர்மனியின் பவேரியாவில் வாழ்ந்தவர். ஜெர்மனி உலகிற்கு அளித்த கலையே ஜெர்மனியின்மேல் வெறுப்பை விளைக்கும் கருவியாயிற்று.

வெர்டூன் நகரில்

குவேக்கர் குலத்துப் பென்னெல் யுத்தத்தை வெறுத்தார். ஆயினும் யுத்தத்திற்காக உழைக்கும் ஆலைகளின் பேருருவம் அவர் கண்ணைக் கவர்ந்தது. ஆங்கில அரசாங்கத்தின் அனுமதி பெற்று, பீரங்கி வார்க்கும் உலைகளையும் குண்டு செய்யும் கூடங்களையும் வரைந்து 1917-இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் எச். ஜி. வெல்ஸ். பீரங்கி பிறக்கும் இடத்தில் அவருக்கு அழகு தோன்றியது. அது செய்யும் வேலையை அவர் இன்னும் நேரிற் கண்டிலர்.

அதே ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அவரைப் போர்முனைக்கு வந்து வரையுமாறு அழைத்தது. அவர் வெர்டூன் சென்றார். 1916-இல் பத்து மாதகாலம் இடைவிடாது போர் நடந்த இடம் அது. ஊர்கள் இருந்த இடம் தெரியவில்லை. மரங்கள் கரிந்த முளைகளாய் நின்றன. நிலமே குழிகளாகிச் சேறாகியிருந்தது. பல ஆண்டுகளாகக் கோபுரத்தையும் மதிலையும் கண்டவுடன் எழுதிப் பழகிய அவர் கை அங்கே ஓடவில்லை. கருதிச் சென்ற சித்திரங்களை எழுதமாட்டாமல் அவர் திரும்பினார். பிறகு ஐரோப்பாவை விட்டே நீங்கி அமெரிக்காவை அடைந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. உண்மையான அழிவின் முன்னே அவர் கலை வாய்மூடி நின்றது. அது தோல்வியென்று அவர் வருந்தியிருக்கலாம். ஆனால், அவர் வாழ்க்கையிலேயே மிக நேர்மையான விடை அந்த வெறுந்தாள்களே என்று கூறினும் பொருந்தும்.

சுதந்திரக் கடன் படம்

அமெரிக்கா 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி போரில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் பொதுஜனங்களின் மனத்தைப் போருக்கு இசையச் செய்யும் பொருட்டு ஜார்ஜ் கிரீல் என்பவர் தலைமையில் ஒரு செய்திக்குழு அமைக்கப்பட்டது. அதன் சித்திரப் பகுதிக்குச் சார்லஸ் டானா கிப்ஸன் என்னும் ஓவியர் தலைவரானார். ஊதியம் பெறாமல் உழைத்த ஓவியர்கள் ஏறக்குறைய 700 சுவர்ப்படங்களுக்கு மாதிரி எழுதித் தந்தனர். பென்னெலும் அக்குழுவிற் சேர்ந்தார். போரை வெறுக்கும் மனமும் தேசத்தின் அழைப்பும் எதிர்த்து நின்றபோது, அவர் தேசத்தின் பக்கம் சாய்ந்தார்.

போர்ச் செலவுக்காக அரசாங்கம் பொதுஜனங்களிடம் கடன் பத்திரங்களை விற்றது. அவற்றுக்குச் சுதந்திரக் கடன் என்பது பெயர். 1918-இல் வெளியான நான்காவது கடனுக்காகப் பென்னெல் எழுதிய படம் இது: வானமெங்கும் செந்தீ. நியூயார்க் மாநகரத்து உயர்ந்த மாளிகைகள் கொழுந்துவிட்டு எரிகின்றன. மேலே பகைவரின் ஆகாய விமானங்கள் பறக்கின்றன. துறைமுக நீரில் நீர்மூழ்கிக் கப்பல் மிதக்கின்றது. முன்னே சுதந்திர தேவியின் சிலை, தலை அற்று, தீபமேந்திய கை சிதைந்து, கருமையாய் நிற்கின்றது. கீழே, 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய பேருரையின் முடிவைத் தழுவி, சுதந்திரம் இப்புவியினின்று மறையாதிருக்கக் கடன் பத்திரம் வாங்குக என்னும் கருத்துள்ள வாசகம். இப்படம் ஏறக்குறைய 20 லட்சம் பிரதிகள் அச்சிடப்பெற்றுத் தேசம் முழுவதும் ஒட்டப்பட்டது. எழுதத் தொடங்கியது முதல் அச்சேறியது வரை படிப்படியாக நிகழ்ந்ததை விளக்கி, மாணவர்களுக்குப் பயன்படுமாறு அவர் தனிநூல் ஒன்றும் வெளியிட்டார்.

அச்சிலை பிரெஞ்சு மக்கள் அளித்த அன்பளிப்பு, பார்த்தோல்டி என்னும் சிற்பி ஆக்கியது, 1886-இல் திறக்கப்பட்டது, அகதிகளாக வந்திறங்கிய லட்சக்கணக்கான ஏழைகள் முதலிற் கண்டு கண்ணீர் மல்கி நின்றது. அதன் தலையை வீழ்த்திக் காட்டியதும் பார்த்தவர் உள்ளம் துணுக்குற்றது.

இனி, அப்படத்தில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று ஆராய்வோம். நீர்மூழ்கிக் கப்பல் முற்றிலும் பொய்யன்று. 1918-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று அமெரிக்கக் கரையோரத்தில் வந்து கப்பல்களை மூழ்கடித்தது. சிலைக்கும் யுத்தத்தால் ஊறு நேர்ந்ததுண்டு. 1916-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி, சிலைக்கு அருகேயிருந்த பிளாக் டாம் என்னும் துறையில், நேச நாடுகளுக்கு அனுப்ப வைத்திருந்த வெடிமருந்து சதியால் வெடித்தது; சிதறிய துண்டுகள் சிலையின் ஆடையையும் தீபமேந்திய கையையும் தாக்கின. அன்று முதல் பொதுஜனங்கள் அத்தீபத்திற்கு ஏறுதல் நிறுத்தப்பட்டது. அது ஜெர்மனியின் வேலையே என்று விசாரணைக் குழு 1939-இல் முடிவு செய்தது. ஆனால், படத்தின் வானத்தில் பறந்த விமானங்கள் வெறுங் கற்பனையே. இடையில் இறங்காமல் அட்லாண்டிக் கடலை விமானத்திற் கடந்தவர் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919 வரையில் எவருமிலர். நியூயார்க் நகரத்தில் ஒரு குண்டும் விழவில்லை. ஒரு மாளிகையும் எரியவில்லை.

வெர்டூனில், கண்முன் கிடந்த அழிவை எழுத முடியாத கை, நிகழாத அழிவை நியூயார்க்கில் எளிதாக எழுதிவிட்டது. ஏனெனில், கற்பனை அழிவுக்கு நாற்றமில்லை, முனகலில்லை, அதனை அழகாகவும் எழுதலாம். அப்படத்தின் நடுவே நிற்பது மனிதனன்று, சிலையே என்பதையும் நினைத்தல் வேண்டும்.

பிலடெல்பியா

நான்காவது கடன் 1918-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28-ஆம் தேதி தொடங்கி மூன்று வாரம் நடைபெற்றது. அரசாங்கம் நாடியது 600 கோடி டாலர். சேர்ந்தது ஏறக்குறைய 700 கோடி. 2 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்டவர் பத்திரம் வாங்கினர். விளம்பரத்தின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டாம்.

தொடக்க நாளில், பென்னெல் பிறந்த பிலடெல்பியாவில் கடனுக்காகப் பெரியதோர் ஊர்வலம் நடந்தது. அப்பொழுது விஷக் காய்ச்சல் அந்நகரிற் புகுந்திருந்தது. மருத்துவர் சிலர் கூட்டம் கூடுதல் ஆகாது என்று எச்சரித்தும், அதிகாரிகள் ஊர்வலத்தை நிறுத்தத் துணியவில்லை. ஏறக்குறைய 2 லட்சம் பேர் வீதியில் நெருங்கி நின்று கண்டனர். மூன்று நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பிவிட்டன. ஆறு வாரங்களுக்குள் அந்நகரில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிகழாத ஆபத்தை எதிர்த்து மக்கள் திரண்டு நின்றபொழுது, நிகழ்கின்ற ஆபத்து அவர்கள் தோளோடு தோளாக நின்றது. பகைவன் விமானம் அந்நகரின்மேல் பறக்கவில்லை. கட்டிடங்கள் யாவும் முழுமையாய் நின்றன. அவற்றுள் வாழ்ந்தவரே இலராயினர். இத்துயரத்திற்குப் பென்னெலின் படம் காரணமென்று கூறுதல் நீதியாகாது. ஆயினும், அச்சத்தை ஒரு திசையிலேயே திருப்பி வைக்கும் காலத்தில் மறுதிசையிலிருந்து வரும் கேட்டை மக்கள் காணமாட்டார் என்பதற்கு அது மறக்கலாகாத உதாரணம்.

இறுதிக் காலம்

போர் நவம்பர் மாதம் 11-ஆம் தேதி ஓய்ந்தது. பென்னெல் மீண்டும் இலண்டன் வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. புருக்லின் பகுதியில், துறைமுகத்தை நோக்கிய உயர்ந்த விடுதியொன்றில் மனைவியாருடன் தங்கினார். தாம் தீக்கிரையாக்கி எழுதிய அதே நகரத்தை அதன் சாளரத்திலிருந்து பனியிலும் வெயிலிலும், காலையிலும் மாலையிலும் மீண்டும் மீண்டும் வரைந்தார். நியூயார்க்கின் கலைமாணவர் சங்கத்தில் இளைஞர்களுக்குச் செப்புத்தகட்டுச் சித்திரக் கலையைக் கற்பித்தார். 1925-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் தேதி காலமானார். அவ்வாண்டிலேதான், சில்லுகளாய்ப் பொறுக்கி எடுத்து வைத்த ரெய்ம்ஸ் நகரத்துத் தேவதூதனின் தலை பழையபடி பொருத்தப்பட்டு, அப்புன்னகை மீண்டும் வாயிலில் தோன்றியது.

தம் உடைமையையும், தாம் சேர்த்த சித்திரங்களையும், விஸ்லரைப் பற்றிய அரிய சேகரத்தையும் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் புஸ்தகசாலைக்கு அவர் சாஸனம் செய்திருந்தார். 1936-இல் அம்மையாரும் மறைந்தபின் அச்செல்வம் அங்கே அச்சுச் சித்திரங்களை வாங்கிக் காக்கும் நிதியாயிற்று. தம் கையால் ஒரு சிலையை அழித்துக் காட்டியவர், தம் பொருளால் பல்லாயிரம் சித்திரங்களைக் காக்க வழிசெய்தார்.

அவர் காலத்துக்குப் பின்

லூவேன் புஸ்தகசாலை அமெரிக்கர் அளித்த பொருளால் மீண்டும் கட்டப்பெற்று 1928-இல் திறக்கப்பட்டது. 1940-ஆம் ஆண்டு மே மாதத்தில், இரண்டாவது மகாயுத்தத்தில், அது மறுபடியும் எரிந்தது. இம்முறை அழிந்த நூல்கள் ஏறக்குறைய 9 லட்சம். இதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. முதல் யுத்தத்திற் கேட்ட கொடுஞ்செய்திகளிற் பல மிகைப்படுத்தப்பட்டவை என்பது பின்னர் வெளிப்பட்டமையால், இரண்டாவது யுத்தத்தில் யூத மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்படும் செய்தி வந்தபோது, அதுவும் பழைய பிரசாரமே என்று ஐயுற்றோர் பலர். மிகை கூறிய நாவுக்கு உண்மை கூறும் நாளில் மதிப்பில்லாமற் போயிற்று. அத்தவறுக்கு விலை கொடுத்தவர், பென்னெல் தம் இளமையில் இகழ்ந்து எழுதிய அம்மக்களே.

போர்க்காலத்தில் கோயில்களையும் நூலகங்களையும் கலைச்செல்வங்களையும் காத்தல் வேண்டும் என்று நாடுகள் கூடி 1954-இல் ஹேக் நகரில் உடன்படிக்கை செய்தன. காக்கவேண்டிய கட்டிடத்துக்கு அடையாளமாக நீலமும் வெண்மையும் கலந்த கேடயச் சின்னம் ஏற்பட்டது. சுதந்திரக் கடன் படமும் சுவரில் ஒட்டப்படுவது. இக்கேடயமும் சுவரில் பொறிக்கப்படுவது. முன்னது அழிவைக் காட்டிப் பொருளும் சினமும் கேட்கின்றது. பின்னது அழியாதே என்று இருதிறத்தாரையும் ஒருங்கே இரக்கின்றது. அச்சின்னத்தை மதியாதவர் இன்றும் உண்டு. எனினும் இரண்டனுள் எது உயர்ந்த விளம்பரம் என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

பென்னெலைக் குற்றவாளியாக நிறுத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. அவர் பொய் கூற எண்ணியவரல்லர். தாம் நேசித்த கற்கள் ஐரோப்பாவில் வீழ்ந்த துயரத்தை நெஞ்சிற் சுமந்து, அத்துயரத்தைத் தம் நாட்டார் உணரவேண்டும் என்று துடித்தவர். அத்துயரம் உண்மையானது. ஆனால், உண்மையான துயரம் பிறர் கையில் எவ்வளவு எளிதாகக் கருவியாகிவிடுகின்றது என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இடிந்த கோயிலின் படமோ, எரியும் நகரத்தின் படமோ நம் முன் வைக்கப்படும்போது, மாணவராகிய நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். இது நிகழ்ந்ததா, நிகழும் என்று அஞ்சப்படுவதா? இதனை நமக்குக் காட்டுபவர் யார்? இதனைக் கண்டபின் நம்மிடம் அவர் வேண்டுவது இரக்கமா, பணமா, பகையா? இம்மூன்றையும் கேட்டபின் எழும் சினம் நம்முடைய சினமாக இருக்கும். கேளாமல் எழும் சினம் பிறர் நம்முள் மூட்டியதாகவே இருக்கும். சுதந்திர தேவியின் சிலை இன்றும் தலையுடன் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கின்றது. சிந்திக்கும் மக்கள் உள்ளவரைதான் அச்சிலைக்குப் பொருள் உண்டு. தலையை இழத்தல் சிலைகளுக்கு மட்டும் நேர்வதன்று.